வீட்டு லவுஞ்சுக்குப் பட விமர்சனம்: பழைய படத்தையும் புதிய படத்தையும் பார்த்து எழுத முழுமையான வழிகாட்டி

சனிக்கிழமை மாலை ஒரு குடும்பம் கேட்கும் கேள்வி மிக எளிமையானது. இன்றிரவு எல்லோரும் சேர்ந்து இந்தப் படத்தைப் பார்க்கலாமா? எதில் கிடைக்கும், எந்தப் பிரதி நல்லது? வீட்டில் பார்ப்பவர்களுக்காக எழுதும் விமர்சனம் முதலில் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். நடிப்பு, இசை, ஒளிப்பதிவு பற்றிய கருத்தெல்லாம் அப்புறம்தான்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில் சங்க மடலுக்கும் கோயில் வாட்ஸ்அப் குழுவுக்கும் எழுத வரும் இளையவர்களோடு உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன். எழுத வராமல் தடுமாறுபவர்கள் அவர்களில் குறைவு. வேலையின் வரிசை மாறிப்போய்த் தடுமாறுபவர்களே அதிகம். படத்தைப் பார்க்கிறார்கள், கருத்தை எழுதிவிடுகிறார்கள், கடைசியில்தான் படம் எதில் கிடைக்கும் என்று தேடுகிறார்கள். அவர்கள் பார்த்த பிரதி இந்த நாட்டில் கிடைக்காது. கிடைக்கும் பிரதியில் சப்டைட்டில் இருக்காது. எழுதியது யாருக்கும் உதவாமல் போய்விடும்.

அதனால் கீழே சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொன்றும் ஏன் அந்த இடத்தில் வருகிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

1. யார் உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள்

படத்தைப் போடுவதற்கு முன்பே ஒரு வீட்டை மனதில் நிறுத்துங்கள். சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ லெனேஷியாவிலோ ஒரு லவுஞ்ச், அதாவது வீட்டின் கூடம். ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, தமிழ் நன்றாகப் புரியும், ஆனால் திரையில் ஓடும் எழுத்தைப் படிக்கக் கண் உதவாது. மகனுக்கும் மருமகளுக்கும் வீட்டுப் பேச்சு புரியும், அடுக்குமொழி வசனம் வந்தால் பாதிதான் பிடிபடும். பேரப்பிள்ளைகள் ஆங்கிலச் சப்டைட்டிலை நம்பியே பார்ப்பார்கள்.

இந்த மூன்று பேரையும் ஒரே படம் ஒரே மாதிரி எட்டாது. வசனத்தால் ஓடும் படம் ஆயாவுக்கு விருந்து, பிள்ளைகளுக்குக் கஷ்டம். சண்டையும் வேகமுமாக ஓடும் புதிய படம் பிள்ளைகளைக் கட்டிப்போடும், ஆயா பாதியில் எழுந்து போய்விடுவார். ஆகவே "குடும்பத்தோடு பார்க்கலாம்" என்று எழுதுவதில் பயனில்லை. எந்தக் குடும்பம், யார் யார் என்பதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு அவர்களுக்காகப் பாருங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

டிவி, ரிமோட், ஒரு நோட்டு, பேனா. போனில் பார்த்து விமர்சனம் எழுதாதீர்கள். ஐந்தங்குலத் திரையில் மங்கலான பிரதியும் தெளிவாகத் தெரியும், சின்னச் சப்டைட்டிலும் பெரிதாகத் தெரியும். வீட்டில் பெரிய டிவியில் போடுபவருக்குத்தான் குறை தெரியவரும்.

நேரத்தையும் ஒதுக்கி வையுங்கள். இரண்டே முக்கால் மணி நேரப் படத்துக்கு, சோதிக்கும் வேலையையும் சேர்த்து நான்கு மணி நேரமாவது வேண்டும். மின்வெட்டு அட்டவணை நடப்பில் இருக்கும் காலமென்றால் அதைப் பார்த்துவிட்டே தொடங்குங்கள். நடுவில் துண்டிக்கப்பட்டு மறுநாள் தொடர்ந்தால் படத்தின் வேகத்தைப் பற்றி நியாயமாகச் சொல்ல முடியாது.

இணையத்தில் பார்ப்பதென்றால் டேட்டாவையும் கணக்கில் வையுங்கள். ஹெச்டி தரத்தில் மணிக்கு 3 ஜிபி வரை போகும். அதே படத்துக்கு 8 ஜிபிக்கு மேல் ஆகலாம். வைஃபை இல்லாத வீட்டுக்கு இது பெரிய செலவு, ஆகவே விமர்சனத்திலும் ஒரு வரி இதற்கு வேண்டும்.

3. எந்தப் பிரதி என்று உறுதி செய்யுங்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். பொறுமையாகச் செய்யுங்கள்.

முதலில், தென்னாப்பிரிக்கக் கணக்கில் அந்தப் படம் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஸ்ட்ரீமிங் தளங்களின் படப்பட்டியல் நாட்டுக்கு நாடு மாறும். சென்னையில் இருக்கும் சித்தப்பா "இருக்கிறதே" என்று சொல்வது இங்கே உதவாது. ஒலி எந்த மொழி என்பதையும் பாருங்கள். சில படங்களுக்கு இந்தி டப்பிங் மட்டும் இருக்கும், சிலவற்றில் தமிழ் இருந்தும் தானாக வேறு மொழி ஓடத் தொடங்கும். தெலுங்கிலிருந்தோ மலையாளத்திலிருந்தோ தமிழுக்கு டப் செய்த படமென்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். வாயசைவு பொருந்தாததைப் பார்த்து ஆயா கட்டாயம் கேட்பார்.

பழைய படங்களுக்கு யூடியூபே பெரும்பாலோர் போகும் இடம். உரிமை வைத்திருக்கும் நிறுவனம் தன் சொந்தச் சேனலில் போட்டதை மட்டும் எடுங்கள். யாரோ ஏற்றிய பிரதியில் பாடல்கள் போயிருக்கும், ஓரங்கள் வெட்டுப்பட்டிருக்கும், திருட்டைக் கண்டுபிடிக்கும் கருவிக்குத் தப்ப வேகத்தைக்கூட மாற்றியிருப்பார்கள். நீங்கள் இணைப்பைக் கொடுத்த மறுவாரமே அது காணாமலும் போகும்.

டிவிடி என்றால், எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்று காட்டும் மண்டலக் குறியைப் பாருங்கள். இந்தியா மண்டலம் 5, தென்னாப்பிரிக்கா மண்டலம் 2. இந்தியத் தமிழ் டிவிடிகள் பல மண்டலக் கட்டுப்பாடு இல்லாமல் வந்தவை, அவை இங்கே ஓடும். ப்ளூரேயில் இந்தியா சி, நாம் பி. உறையில் குறி இல்லையென்றால் போட்டுப் பார்த்துவிட்டே எழுதுங்கள்.

அடுத்து நீளம். "20 நிமிடம் வெட்டியிருக்கிறார்கள்" என்று எழுதுவதற்கு முன் கணக்குப் போட வேண்டும். திரைப்படம் வினாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனிப்படம், ஓடும். நம் நாட்டுப் பழைய டிவி முறையான பிஏஎல் வினாடிக்கு 25 ஃபிரேம். அந்த முறையில் தயாரித்த டிவிடியில் படம் நூற்றுக்கு நான்கு பங்கு வேகமாக ஓடி முடியும். 164 நிமிடப் படம் 157 நிமிடத்தில் முடிந்தால் ஒரு காட்சியும் போகவில்லை என்றே அர்த்தம்.

உண்மையான நீளத்தைக் கண்டுபிடிக்க நல்ல வழி, படத்தின் தொடக்கத்தில் வரும் இந்தியத் தணிக்கைச் சான்றிதழ். பழைய படங்களில் அதில் நீளம் மீட்டரிலோ அடியிலோ இருக்கும். 35 மி.மீ. ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி, அதாவது சுமார் 27.4 மீட்டர் ஓடும். சான்றிதழில் 4,500 மீட்டர் என்று இருந்தால் 27.4 ஆல் வகுங்கள், 164 நிமிடம். கையில் உள்ள பிரதி 140 நிமிடம் என்றால் அப்போது தாராளமாக "வெட்டுப்பட்டது" என்று எழுதலாம். எந்தப் பாடல் போயிருக்கிறது என்பதையும் தேடிப் பார்த்துச் சொல்லுங்கள், பழைய படங்களில் முதலில் பலியாவது பாடல்தான்.

கடைசியாகப் படச் சட்டத்தின் வடிவம், அதாவது படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம். ஐம்பதுகள், அறுபதுகளின் படங்கள் ஏறக்குறையச் சதுரமான சட்டத்தில் எடுக்கப்பட்டவை. தமிழின் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படமான ராஜராஜ சோழன் 1973இல்தான் வந்தது. அதற்கு முந்தைய படம் உங்கள் அகல டிவியின் இரண்டு ஓரத்தையும் நிரப்பி ஓடினால் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது: படத்தை இழுத்திருக்கிறார்கள், அல்லது மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள். இழுத்ததா என்று பார்க்க வட்டமான பொருளைத் தேடுங்கள். நாயகி முகத்தின் நெருங்கிய காட்சியில் படத்தை நிறுத்தி நெற்றிப் பொட்டைப் பாருங்கள். பொட்டு பக்கவாட்டில் முட்டையாகத் தெரிந்தால் இழுத்த பிரதி. சுவர்க் கடிகாரமும் கார்ச் சக்கரமும் இதே சேதியைச் சொல்லும். வெட்டியதா என்று பார்க்க நடனக் காட்சிக்குப் போங்கள். ஆடுபவரின் பாதம் தெரியாமல் சலங்கை ஒலி மட்டும் கேட்டால் கீழே வெட்டுப்பட்டிருக்கிறது.

இரண்டில் வெட்டியதே மோசம். இழுத்ததை ரிமோட்டில் சரிசெய்ய வழியுண்டு, வெட்டியது திரும்பி வராது.

4. டிவியைச் சரிசெய்யுங்கள்

இன்றைய டிவிகள் பலவற்றில் அசைவை மழமழப்பாக்கும் வசதி (மோஷன் ஸ்மூதிங்) வாங்கும்போதே போட்டிருக்கும். அதை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் எந்தப் படமும் நாடகத் தொடர் போலத் தெரியும், நீங்களும் ஒளிப்பதிவாளரைக் குறை சொல்வீர்கள். பட முறையை சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் என்று வையுங்கள், படச் சட்டத்தை "ஒரிஜினல்" என்று வையுங்கள். இந்த இரண்டு அமைப்பையும் விமர்சனத்தின் கடைசியில் ஒரு வரியாகச் சேர்த்தால் படிப்பவருக்கு உதவும்.

5. முதல் தடவை பேனா இல்லாமல் பாருங்கள்

குறிப்பெடுத்துக்கொண்டே பார்ப்பவர் படத்தைப் பார்ப்பதில்லை, தவறுகளைத் தேடுகிறார். தலை குனிந்து எழுதும் நேரத்தில் ஒரு முகபாவம் போய்விடும். பழைய படங்களில் அரை வினாடிப் பார்வையில்கூடக் கதை திரும்பும்.

முடிந்தால் ஒருவரோடு சேர்ந்து பாருங்கள், வீட்டுப் பெரியவரோ பதின்வயதுப் பிள்ளையோ. அவர் எப்போது போனை எடுக்கிறார், எப்போது தண்ணீர் குடிக்க எழுந்து போகிறார், எப்போது "இவர் யாரு?" என்று கேட்கிறார் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் கருத்துக் கேட்பதைவிட இது அதிகம் சொல்லும். கேட்டால் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிடுவார்கள்.

படம் முடிந்ததும் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: இதை யாருக்குச் சொல்வேன்? இப்போது மனதில் வரும் பதிலே பெரும்பாலும் சரியானது. அப்புறம் வரும் வேலையெல்லாம் அந்தப் பதிலைச் சோதிப்பதற்குத்தான்.

6. இரண்டாவது தடவை கடிகாரத்தோடு ஓட்டிப் பாருங்கள்

முழுப் படமும் தேவையில்லை. தாண்டித் தாண்டிப் போய் மூன்று விஷயங்களுக்கு நிமிடக் குறிப்பு எடுங்கள்.

முதலாவது இடைவேளை. தமிழ்ப் படம் இடைவேளையை மையமாக வைத்துக் கட்டப்படுகிறது. ஸ்ட்ரீமிங் பிரதிகள் பலவற்றில் "இடைவேளை" என்ற அட்டையை எடுத்துவிடுவதால் வீட்டில் பார்ப்பவர் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் முக்கியமான காட்சியின் நடுவில் நிறுத்திவிடுகிறார். எந்த நிமிடத்தில் நிறுத்தலாம் என்று எழுதிவிட்டால், வெள்ளி பாதி, சனி பாதி என்று பார்க்கும் வீட்டுக்குப் பெரிய உதவி.

இரண்டாவது, கதை உண்மையில் தொடங்கும் இடம். புதிய படங்களில் அறிமுகச் சண்டையும் அறிமுகப் பாட்டும் முடிய அரை மணி நேரம்கூட ஆகும். "இருபத்தைந்தாவது நிமிடம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் பொறுத்துக்கொள்வார்கள். சொல்லாவிட்டால் பத்தாவது நிமிடத்தில் மாற்றிவிடுவார்கள்.

மூன்றாவது, பிள்ளைகள் முன்னால் சங்கடமான காட்சிகள். இதைப் பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். "சில வன்முறைக் காட்சிகள் உண்டு" என்பது எந்தப் பெற்றோருக்கும் போதாது. இப்படி எழுதுங்கள்: "ஐம்பதாவது நிமிடத்தில் காவல் நிலையத்தில் ஒருவரை அடிக்கும் காட்சி நான்கு நிமிடம் போகிறது. ரத்தம் குறைவு, அலறல் அதிகம். தாண்டிப் போனாலும் கதை புரியும்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். ரிமோட் வைத்திருப்பவருக்குத் தேவையானது அதுதான்.

7. சப்டைட்டிலைத் தனியாகச் சோதியுங்கள்

தமிழ் புரிந்தவர் சப்டைட்டிலைப் படிப்பதே இல்லை. அதனால் நம்மில் பலர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாமல் விட்டுவிடுகிறோம். ஆனால் இங்கே வீட்டில் பாதிப் பேருக்குப் படம் என்பதே சப்டைட்டில்தான். இதற்குத் தனியாக அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒலியை முழுவதும் அடைத்துவிட்டுப் பாருங்கள், அப்போதுதான் பிள்ளைகள் பார்க்கும் படம் உங்களுக்குத் தெரியும்.

ஐந்து இடங்களைப் பார்த்தால் போதும்.

படத்தின் ஐந்தாவது நிமிடமும் கடைசிப் பத்து நிமிடமும். இரண்டிலும் வாயசைவோடு எழுத்து பொருந்துகிறதா என்று பாருங்கள். முன்னால் சொன்ன 24, 25 ஃபிரேம் வித்தியாசம் இங்கேயும் வரும். ஒரு முறைக்கு எழுதிய சப்டைட்டிலை இன்னொரு முறைப் பிரதியில் ஒட்டினால் ஒரு மணி நேரத்தில் 2 நிமிடம் 24 வினாடி விலகிவிடும். தொடக்கத்தில் சரியாக இருப்பதைப் பார்த்து "சப்டைட்டில் நன்று" என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

ஒரு பாடல். பாட்டு வந்ததும் சப்டைட்டில் நின்றுவிடும் பிரதிகள் நிறைய. பழைய படங்களில் காதலும் பிரிவும் பாட்டிலேயே நடந்து முடிந்திருக்கும். அங்கே எழுத்து இல்லையென்றால் அடுத்த காட்சியில் ஏன் அழுகிறார்கள் என்று பிள்ளைக்குத் தெரியாது.

நீண்ட வசனம் ஒன்று. பராசக்தியின் (1952) நீதிமன்றக் காட்சி போன்றவற்றில் பேச்சே படம். அடுக்கடுக்காகப் பேசும் இடத்தில் சப்டைட்டில் ஐந்து வரியை ஒரு வரியாகச் சுருக்கிவிடும். அப்படியிருந்தால் அதைச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து யாராவது விளக்க வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் தாத்தா அந்த வேலையை ஆசையோடு எடுத்துக்கொள்வார்.

திரையில் காட்டும் கடிதம், தந்தி, பெயர்ப்பலகை. பேச்சை மட்டும் மொழிபெயர்த்துவிட்டு இவற்றை விட்டுவிடுவார்கள். கடிதத்தில்தான் ரகசியம் இருக்கும் படமென்றால் இது கட்டாயம் எழுத வேண்டிய குறை.

கடைசியாக, எழுத்து கண்ணுக்குத் தெரிகிறதா? கறுப்பு வெள்ளைப் படத்தில் வெள்ளை எழுத்து வெள்ளை வேட்டி மேல் விழுந்தால் ஒரு சொல்லும் தெரியாது. ஸ்ட்ரீமிங் தளத்தில் எழுத்துக்குப் பின்னால் கறுப்புப் பட்டை போடும் அமைப்பு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதைப் போடச் சொல்லுங்கள். எழுத்தைப் படத்திலேயே பதித்த பழைய டிஸ்க்கில் இதற்கு வழியில்லை, அதையும் சொல்லிவிடுங்கள்.

8. வயதுக் குறியீட்டை இந்த நாட்டுக் குறியீடாக எழுதுங்கள்

இந்தியச் சான்றிதழில் "ஏ" என்றால் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். தென்னாப்பிரிக்காவின் ஃபிலிம் அண்ட் பப்ளிகேஷன் போர்டு குறியீட்டில் "ஏ" என்றால் எல்லா வயதினரும் பார்க்கலாம். ஒரே எழுத்து, நேர் எதிரான பொருள். இந்தியச் சான்றிதழைப் பார்த்து "தரம்: ஏ" என்று அப்படியே எழுதிவிட்டால், இங்குள்ள ஒரு தாய் அதை நம்பி ஐந்து வயதுப் பிள்ளையோடு உட்கார்ந்துவிடுவார்.

இங்கே உள்ள வரிசை: ஏ, பிஜி (பெற்றோர் வழிகாட்டலோடு), 7-9 பிஜி, 10-12 பிஜி, 13, 16, 18. இந்தியாவில் யு (எல்லோருக்கும்), யுஏ (பெற்றோர் வழிகாட்டலோடு), ஏ. 2024இல் யுஏவை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள். பழைய படங்களில் வெறும் "யு" என்று இருப்பதை இன்றைய அளவுகோலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் காலத்தில் யு வாங்கிய படங்களில் மனைவியை அறைவது சர்வ சாதாரணமாக வரும்.

இன்னொரு தவறும் அடிக்கடி பார்க்கிறேன். நல்ல சமூகக் கருத்துள்ள படம் என்பதாலேயே எல்லோருக்கும் பரிந்துரைத்துவிடுவது. ஜெய் பீம் 2021இல் நேரடியாக ஸ்ட்ரீமிங்கில் வந்த படம். அது பேசும் நீதி எல்லோருக்கும் தெரிய வேண்டியது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் காவல் நிலையச் சித்திரவதைக் காட்சிகள் சிறுபிள்ளைகள் பார்க்கக் கூடியவை அல்ல. இரண்டையும் ஒரே பத்தியில் சொல்லுங்கள்.

9. புண்படுத்தும் நகைச்சுவையைத் தேடிக் குறியுங்கள்

இதை வயதுக் குறியீட்டோடு சேர்த்துவிடாமல் தனியாக வைத்திருக்கிறேன், காரணம் உண்டு. கறுப்பு நிறத்தைக் கேலி செய்வது, முகத்தில் மை பூசி ஆப்பிரிக்கராக நடிப்பது, திருநங்கையரைக் கிண்டல் செய்வது, இதெல்லாம் பழைய படத்திலும் உண்டு, இரண்டாயிரங்களில் வந்த படங்களிலும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் நம் லவுஞ்சில் ஜூலு பேசும் மருமகள் உட்கார்ந்திருக்கலாம், அடுத்த வீட்டு நண்பர் வந்திருக்கலாம். அந்த நகைச்சுவை திரையில் வரும்போது வீடே கூனிக் குறுகும். இந்த நாடு நிறத்தின் பெயரால் பட்டதை அறிந்தவர்கள் நாம்.

நிமிடத்தைக் குறியுங்கள். படம் அந்தக் கேலியோடு சேர்ந்து சிரிக்கிறதா, கேலி செய்பவனைக் கெட்டவனாகக் காட்டுகிறதா என்றும் எழுதுங்கள். பெண்ணைப் பின்தொடர்ந்து தொந்தரவு செய்வதைக் காதலாகக் காட்டும் படங்களுக்கும் இதே கேள்விதான்.

அந்தக் காலத்தில் அப்படித்தான் என்று மூடிவிடாதீர்கள். அதற்காக முழுப் படத்தையும் தள்ளிவிடவும் வேண்டாம். தனி நகைச்சுவைத் தொடராக வருவதை எடுத்துவிட்டாலும் பல படங்களில் மூலக் கதை நிற்கும், ரிமோட்டில் தாண்டிவிடலாம்.

10. பழைய படத்தை எப்படி எடை போடுவது

பிரதியின் குறையையும் படத்தின் குறையையும் பிரித்துவிட்டுத் தொடங்குங்கள். படம் முழுக்க இளஞ்சிவப்பாகத் தெரிகிறதா? ஈஸ்ட்மென்கலர் என்ற பழைய வண்ண ஃபிலிமில் நீலச்சாயல் முதலில் மங்கி, சிவப்பு மட்டும் மிஞ்சும். எடுத்தவர் அப்படி எடுக்கவில்லை. ஒலியில் கரகரப்பு இருந்தாலும் அப்படியே. இவை "பிரதி" என்ற தலைப்பில் வர வேண்டியவை.

புதுப்பித்து மறுவெளியீடு செய்த படமென்றால் எந்தப் பதிப்பு என்று சொல்லுங்கள். 1964இல் வந்த கர்ணன் 2012இல் டிஜிட்டலாகப் புதுப்பிக்கப்பட்டுத் திரையரங்குக்கு வந்தது. அந்தப் பதிப்பைப் பார்த்தவரும் பழைய டிவிடியைப் பார்த்தவரும் வேறு வேறு படத்தைப் பார்த்த மாதிரிதான் பேசுவார்கள்.

அப்புறம் வேகம். பழைய படம் மெதுவாகப் போகிறது என்று எழுதுவது சுலபம். மேடை நாடகத்திலிருந்து வந்த நடிகர்கள், முழு உடலும் தெரிய நீளமாக எடுத்த காட்சிகள், நின்று பேசும் வசனம், இவை அந்தப் படங்களின் இலக்கணம். மூன்று நிமிடம் ஒரே காட்சி ஓடினால் அந்த மூன்று நிமிடத்தில் குரல் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்று கேளுங்கள். குரல் உங்களைப் பிடித்து வைத்தால் காட்சி வேலை செய்கிறது. பிடித்து வைக்கவில்லையென்றால், படத்தின் வயதைக் காரணம் காட்டாமல் "காட்சி தொய்கிறது" என்று துணிந்து எழுதுங்கள். பழைய படம் என்பதற்காகச் சலுகை காட்டினால், அதை நம்பி முதன்முதலாகப் பழைய படம் பார்க்கும் பிள்ளை இரண்டாவதைத் தொடவே மாட்டான்.

பழைய படத்தை எப்படிப் பிரித்துப் பார்க்கலாம் என்றும் யோசியுங்கள். திருவிளையாடல் (1965) தனித்தனித் திருவிளையாடல்களைக் கோத்த படம். தருமியும் நக்கீரரும் வரும் பகுதியை மட்டும் ஒரு மாலையில் போடலாம், அடுத்ததை இன்னொரு நாள். மூன்று தலைமுறையும் உட்காரும் வீட்டுக்குப் பழைய படத்தை அறிமுகப்படுத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

11. புதிய படத்தை எப்படி எடை போடுவது

இங்கே பெரிய ஆபத்து, வெளியான வாரத்துப் பேச்சு. வசூல், ரசிகர் சண்டை எதுவும் லவுஞ்சில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு வேண்டாம். மற்றவர் விமர்சனத்தைப் படிக்காமல் முதல் தடவை பாருங்கள்.

திரையரங்கின் கூச்சலில் எடுபட்ட காட்சி வீட்டில் எடுபடுமா என்று கேளுங்கள். நாயகன் வரும்போது விசிலுக்காக விட்ட இடைவெளி வீட்டில் வெறும் மௌனமாக நிற்கும். படம் எவ்வளவு தூரம் அந்தக் கூட்டத்தை நம்பியிருக்கிறது என்பதை எழுதினால் போதும்.

ஒலியைச் சோதியுங்கள். இன்றைய படங்களில் பல ஸ்பீக்கருக்காகக் கலந்த ஒலி டிவியின் சின்ன ஸ்பீக்கரில் வரும்போது வசனம் அமுங்கிவிடும், பின்னணி இசை காதைத் துளைக்கும். ஆயாவுக்கு வசனம் கேட்கிறதா என்பதே அளவுகோல். ஸ்டீரியோ ஒலித்தடம் தனியாக இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

முதல் பாகம், இரண்டாம் பாகம் என்று வரும் படமென்றால் முதல் பாகத்தில் கதை முடிகிறதா, நடுவில் தொங்குகிறதா என்று கட்டாயம் சொல்லுங்கள்.

12. எழுதும் வரிசை

இதுவரை செய்ததெல்லாம் நோட்டில் இருக்கிறது. எழுதும்போது இந்த வரிசையில் வையுங்கள்.

முதல் இரண்டு வரியில் முடிவு: யாருக்கு ஏற்றது, யாருக்கு வேண்டாம். படிப்பவர் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கிறார், கடைசிப் பத்தி வரை காத்திருக்க மாட்டார்.

அடுத்து பிரதி விவரம்: எதில் கிடைக்கிறது, பார்த்த தேதி, நீளம், ஒலியின் மொழி, சப்டைட்டிலின் தரம், இடைவேளை நிமிடம், இந்த நாட்டு வயதுக் குறியீடு. தேதியை விடாதீர்கள், படங்கள் தளத்திலிருந்து போய்க்கொண்டே இருக்கும்.

மூன்றாவதாகக் கதை, நான்கு வரிக்குள். இடைவேளைக்கு முன் நடப்பதை மட்டும் சொல்லுங்கள். ஊரறிந்த பழைய கதையானாலும் இந்த விதி உண்டு. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அது புதுக் கதை.

நான்காவதாக உங்கள் மதிப்பீடு. நடிப்பு அருமை, இசை அருமை என்று அடுக்காமல் ஒரே ஒரு காட்சியை எடுத்து, அது ஏன் வேலை செய்கிறது அல்லது செய்யவில்லை என்று விவரியுங்கள். படத்தைப் பற்றிய உங்கள் எண்ணம் முழுவதும் அந்த ஒரு காட்சியில் வெளிப்பட்டுவிடும்.

கடைசியாக எச்சரிக்கைகள், நிமிடக் குறிப்போடு.

நட்சத்திர மதிப்பெண் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மூன்றரை நட்சத்திரம் என்பது ஆயாவுக்கா, பேரனுக்கா? அந்த எண்ணைப் பார்த்துவிட்டால் கீழே உள்ள எதையும் யாரும் படிப்பதில்லை.

13. வெளியிடுவதும் திருத்துவதும்

அனுப்புவதற்கு முன் படத்தைப் பார்க்காத ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, "இன்றிரவு இதைப் போடுவீர்களா?" என்று மட்டும் கேளுங்கள். ஆம், இல்லை என்று உடனே சொல்ல முடியாமல் தயங்கினால் முதல் இரண்டு வரி தெளிவாக இல்லை. அதை மட்டும் மாற்றுங்கள்.

காலத்தையும் பாருங்கள். தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கும் நாட்களிலும் புரட்டாசியிலும் பல வீடுகளில் பக்திப் படம்தான் தேடுவார்கள். கந்தன் கருணையையோ (1967) திருமால் பெருமையையோ (1968) பற்றி எழுதுவதானால் விரதம் தொடங்க இரண்டு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். டிஸ்க் தேடிப் பிடிக்கவும் யாரிடமாவது இரவல் வாங்கவும் அவர்களுக்கு அவகாசம் வேண்டும்.

சில மாதத்துக்கு ஒருமுறை பழைய விமர்சனங்களின் பிரதி விவரத்தைச் சரிபாருங்கள். படம் தளத்திலிருந்து போயிருந்தால் அந்த வரியை மட்டும் திருத்தித் தேதியை மாற்றுங்கள். விமர்சனத்தை எடுத்துவிடாதீர்கள். டோங்காட்டில் யாராவது ஒருவர் அந்தப் படத்தை டிவிடியாக வைத்திருப்பார், இடைவேளை எந்த நிமிடம் என்று அவருக்கும் தெரிய வேண்டும்.